மணிகள் கவரும் பொன்

உஸ்பெகிஸ்தானின் கிஸில்கூம் பாலைவனத்தில் 1958-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட முருன்தாவ் என்னும் தங்கப் படிவம், உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களுள் ஒன்று என்ற கீர்த்தியோடு, ரசாயன சாஸ்திரம் பொன்னை வசப்படுத்தும் விதத்துக்குச் சிறந்த திருஷ்டாந்தமாகவும் விளங்குகிறது. ஒரு டன் பாறையில் அங்கே கிடைப்பது சில கிராம் பொன் மாத்திரமே. அதுவும் மிக நுண்ணிய துகள்களாகக் கல்லோடு கலந்திருப்பதால், ஆற்று மணலை அரித்தெடுக்கும் பழைய உபாயம் அவ்விடத்தில் பலிக்காது.

காற்றுக்கும் நீருக்கும் அசையாத பொன்னையும், பிராணவாயுவின் துணையிருந்தால் சயனைடு கலந்த காரநீர் கரைத்துவிடும் என்னும் உண்மையை, 1887-இல் கிளாஸ்கோ நகரத்து மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் தொழில்முறையாக்கினார்கள். அவ்வாறு கரைகையில், ஒவ்வொரு பொன் அணுவும் இரண்டு சயனைடுகளைச் சேர்த்துக்கொண்டு எதிர்மின்னூட்டமுள்ள அயனியாகிறது. அதனைப் பிடிக்கும் சூட்சுமம் முழுவதும் இந்த மின்னூட்டத்திலேதான் இருக்கிறது.

ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் 1935-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்ததே செயற்கை அயனிப் பரிமாற்றப் பிசின். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள அதன் மணிகளுக்குள்ளே, வலைபோற் பின்னிய ஸ்டைரீன் சங்கிலிகளில் நேர்மின்னூட்டம் தாங்கிய அமீன் தொகுதிகள் அமைந்துள்ளன. பொன் அயனி அருகில் வந்ததும், அவை தம்மிடமிருந்த வேறோர் எதிர்மின் அயனியை நீருக்குக் கொடுத்துவிட்டுப் பொன்னை ஏற்றுக்கொள்கின்றன.

1969-இல் முதன்முதலாகத் தங்கம் எடுத்த முருன்தாவ் ஆலையின் விசேஷம், அரைத்த பாறைக்கூழை வடிகட்டிச் சிரமப்படாமல், மணிகளை அந்தக் கூழுக்குள்ளேயே இட்டுவிடுவதாகும். கூழ் ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு முன்னோக்கி ஓட, மணிகள் எதிர்த்திசையில் நகர்ந்து செல்கின்றன. கற்பொடி சல்லடைக் கண்களில் நழுவிவிட, அதனினும் பருத்த மணிகள் பொன்னோடு பின்தங்குகின்றன.

பிடித்ததை விடுவிப்பதும் ஒரு கலையே. துத்தநாகம், நிக்கல், செம்பு, இரும்பு ஆகியவையும் மணிகளில் ஒட்டிக்கொள்வதால், அவற்றை முதலில் அமிலத்தாலும் சயனைடாலும் கழுவி நீக்கிவிட்டு, பின்னர் கந்தக அமிலம் கலந்த தயோயூரியாக் கரைசலைப் பாய்ச்சுகிறார்கள். தயோயூரியாவோடு கூடியதும், எதிர்மின்னூட்டம் கொண்டிருந்த பொன் நேர்மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. ஆகவே அதனைப் பற்றியிருந்த பிசினுக்கு இனி அதனிடத்தில் கவர்ச்சியில்லை. வெளிவந்த கரைசலில் மின்சாரம் பாய்ச்ச, எதிர்மின்வாயில் பொன் படிகிறது. மணிகளோ காரத்தில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் கூழுக்குத் திரும்புகின்றன.

பெரும்பாலான நாடுகளில் இதே காரியத்துக்குச் செயலூட்டிய கரியையே பிரயோகிக்கிறார்கள். கரி மற்ற உலோகங்களை அதிகம் நாடாது என்பது அதன் மேன்மை. ஆனால் அதனைப் புதுப்பிக்க உலையில் கடுஞ்சூடு வேண்டும். பாறையிலேயே இயற்கைக் கரிப்பொருள் கலந்து, கரைந்த பொன்னைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் இடங்களில், அதனை முந்திக்கொண்டு பொன்னைப் பற்றும் பிசினே மிகுதியும் பயன் தருகிறது.

எனினும் கழிவுக் கூழில் எஞ்சும் சயனைடு கொடிய விஷமாதலால், பொன்னைக் கவர்வதில் செலுத்தும் இதே சாமர்த்தியத்தை அந்த விஷத்தைச் சிதைத்து அடக்குவதிலும் செலுத்தினாலன்றி, இந்த வித்தை பூர்த்தியாகாது.