அதிர்வெண் அலகு மாற்றமும் பேச்சொலி ஆய்வும்

முன்னுரை

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகியோர் உருவாக்கிய ப்ராட் மென்பொருள், ஓர் ஒலிப்பதிவிலிருந்து குரலின் அடிப்படை அதிர்வெண்ணைச் சில நொடிகளில் கணித்துத் தருகிறது. அளவிடும் பணி இவ்வாறு எளிதாகியுள்ளது. எனினும், பெறப்பட்ட எண்ணை எந்த அலகிற்கு, ஆய்வின் எந்தக் கட்டத்தில் மாற்றுவது என்பதை ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. அம்முடிவு ஆய்வின் கண்டறிதலையே மாற்றிவிடக் கூடியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஹெர்ட்ஸும் எளிய மாற்றங்களும்

ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே அதிர்வெண். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹென்ரிக் ஹெர்ட்ஸின் பெயரால் அமைந்த அலகு, 1960-இல் பன்னாட்டு அலகு முறையில் இடம்பெற்றது. பழைய நூல்கள் 'நொடிக்கு இத்தனை சுற்றுகள்' எனக் குறிப்பதும் இதனையே. அங்கு எண்ணை மாற்ற வேண்டியதில்லை. நிமிடக் கணக்கில் உள்ளதை 60-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஹெர்ட்ஸை 2π-ஆல் பெருக்கினால் கோண அதிர்வெண் கிடைக்கும். சான்றாக, 150 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 942.48 ரேடியன் ஆகும். இவை அனைத்தும் ஒரு மாறிலியால் பெருக்கும் மாற்றங்கள். ஆதலின் மாற்றிய பின் சராசரி கண்டாலும், சராசரி கண்ட பின் மாற்றினாலும் விடை வேறுபடாது. பேச்சொலி ஆய்வில் பயன்படும் பிற மாற்றங்களுக்கு இவ்வியல்பு இல்லை.

வேறுபாடா, விகிதமா?

'வந்தானா?' என்னும் வினாவை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒலிப்பதாகக் கொள்வோம். ஆணின் குரல் 110-இலிருந்து 165 ஹெர்ட்ஸுக்கும், பெண்ணின் குரல் 210-இலிருந்து 315 ஹெர்ட்ஸுக்கும் உயர்கின்றன எனக் கருதலாம். ஹெர்ட்ஸ் கணக்கில் ஆணின் ஏற்றம் 55, பெண்ணின் ஏற்றம் 105. இதைக்கொண்டு, பெண்கள் வினாவை ஏறத்தாழ இருமடங்கு ஏற்றத்துடன் ஒலிக்கின்றனர் என ஓர் ஆய்வேடு எழுதிவிட முடியும். ஆனால் இரு குரல்களும் உயர்ந்திருப்பது 3:2 என்னும் ஒரே விகிதத்தில்தான். தமிழிசையில் குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு இதுவே. பாடுபவர் ஒரு கட்டையில் பாடினும் ஐந்து கட்டையில் பாடினும் இளி இளியாகவே கேட்கும். இசைவாணர் எவரும் அதனை ஹெர்ட்ஸைக் கழித்து அறிவதில்லை.

இவ்விகிதத்தை அளப்பதற்கே செமிடோன் எனப்படும் அரைச்சுர அலகு பயன்படுகிறது. இரு அதிர்வெண்களின் விகிதத்திற்கு 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை கண்டு, அதனை 12-ஆல் பெருக்க வேண்டும். மேற்கண்ட இருவரின் ஏற்றமும் 7.02 அரைச்சுரங்களே. அரைச்சுரத்தை நூறாகப் பகுத்த சென்ட் அலகை அலெக்சாண்டர் எல்லிஸ் 1885-இல் வெளியிட்ட தம் கட்டுரையில் பல நாட்டு இசை அளவுகளை ஒப்பிடக் கையாண்டார்.

ஏற்றத்தை அன்றி ஒரு தனிக் குரல் நிலையை அரைச்சுரத்தில் குறிக்க ஓர் ஆதார அதிர்வெண் தேவை. 100 ஹெர்ட்ஸை ஆதாரமாகக் கொண்டால் 100 ஹெர்ட்ஸ் சுழி ஆகும். 1 ஹெர்ட்ஸை ஆதாரமாகக் கொண்டால் அதுவே 79.73 ஆகும். ப்ராட் இவ்விரு தெரிவுகளையும் தருகிறது. ஆதாரத்தைக் குறிப்பிடாத அட்டவணையைப் பிறர் பயன்படுத்த இயலாது.

ஒரே தரவு, மூன்று சராசரிகள்

100, 200 ஹெர்ட்ஸ் என்னும் இரு அளவீடுகளைக் கொள்வோம். ஹெர்ட்ஸில் கண்ட கூட்டுச் சராசரி 150. அரைச்சுரமாக மாற்றிச் சராசரி கண்டு மீண்டும் ஹெர்ட்ஸாக்கினால் 141.4, இது பெருக்குச் சராசரி. அலைவு நேரங்களான 10, 5 மில்லிநொடிகளின் சராசரி 7.5; அதன் தலைகீழ் 133.3 ஹெர்ட்ஸ், அதாவது இசைச் சராசரி. முதல் இரண்டிற்கும் இடையே மட்டுமே ஓர் அரைச்சுரத்திற்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு உள்ளது. மூன்றும் கணக்கில் பிழையற்றவை. ஆனால் ஓர் ஆய்வாளரின் 150-ஐயும் மற்றொருவரின் 141-ஐயும் அருகருகே வைத்து வட்டார வேறுபாடு பேசுவது பிழை.

திட்ட விலக்கத்தில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. சராசரி 120, திட்ட விலக்கம் 20 ஹெர்ட்ஸ் எனக் கிடைத்த ஒருவர், அந்த 20-ஐ 100 ஹெர்ட்ஸ் ஆதாரமுள்ள வாய்பாட்டில் இட்டால் −27.86 வரும். விலக்கம் எதிர்க்குறி பெறாது என்பதால் இத்தவறு கண்ணிற் படும். 1 ஹெர்ட்ஸை ஆதாரமாகக் கொண்டாலோ 51.86 என்னும் நேர்க்குறி எண் வரும், அதுவும் பொருளற்றதே. ஒவ்வோர் அளவீட்டையும் முதலில் மாற்றி, பின்னரே விலக்கம் காண வேண்டும்.

அரைச்சுரமே இறுதி அலகு எனக் கொள்வதற்கும் இல்லை. ஹெர்மெஸும் வான் கெஸ்டலும் 1991-இல் செவியின் பகுப்புத் திறனை ஒட்டிய இஆர்பி அளவையை முன்வைத்தனர். பிரான்சிஸ் நோலன் 2003-இல் நிகழ்த்திய சோதனையில் அரைச்சுரமும் இஆர்பியும் பேச்சின் ஏற்ற இறக்கத்திற்கு ஹெர்ட்ஸைவிடப் பொருந்தின. பேச்சுக் குரலின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுவதற்கு அரைச்சுரம் போதுமானது. உயிரொலிகளின் ஒத்ததிர்வுகள் அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்களில் அமைவதால், அவற்றிற்குச் செவி சார்ந்த அளவைகளே ஏற்றவை.

மூலப் பதிவுகள் கிட்டாத பழைய ஆய்வுகளில் சராசரியும் விலக்கமும் ஹெர்ட்ஸில் மட்டும் அச்சாகியிருக்கும். அவற்றை அரைச்சுரத் தரவுகளோடு ஒப்பிட ஒரு தோராய வழி உண்டு. விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 17.31-ஆல் பெருக்கலாம். மேற்கண்ட 120, 20 என்பவற்றிற்கு 2.89 அரைச்சுரம் கிடைக்கும். சராசரியோடு ஒப்பிட விலக்கம் சிறிதாக இருக்கும்போது மட்டுமே இது பொருந்தும். சராசரியில் பாதியளவுக்கு விலக்கம் சென்றால் இவ்வழியைக் கைவிட வேண்டும்.