கேமராவுக்குப் பொழுது தெரியாது

புளியங்குடியில் இப்போதெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு ஒரு கேமரா போதுவதில்லை. மேடையில் ஒருவர், பந்தல் வாசலில் ஒருவர். இரண்டு பேரின் மெமரி கார்டையும் கம்ப்யூட்டரில் போட்டு நேரப்படி அடுக்கினால் சில நேரம் கூத்தாகிவிடும். மாப்பிள்ளை முதலில் தாலி கட்டுவார், அப்புறம்தான் பந்தலுக்குள் நுழைவார்! வாசல் கேமராவின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடினால் போதும், இப்படித்தான் ஆகும்.

கேமராவுக்குப் பொழுது தெரியாது. மெனுவில் நாம் வைத்துக் கொடுத்த நேரத்திலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டே போகும், அவ்வளவுதான். எண்ண உதவுவது கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இதென்ன கணக்கு என்று தோன்றும். அந்த எண்ணைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படி 15 முறை செய்து பாருங்கள். சரியாக 1 வரும். இரண்டால் வகுப்பது மின்சுற்றுக்கு மிகச் சுலபமான வேலை. அதற்காகவே தேர்ந்தெடுத்த எண் இது.

இந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் சரியாக நடக்கும்படி வெட்டப்படுகிறது. வெப்பம் அதற்கு மேல் ஏறினாலும் மெதுவாகும், கீழே இறங்கினாலும் மெதுவாகும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் கிடக்கும் கேமரா நாளுக்கு அரை நொடிக்கு மேல் பின்தங்கலாம். படிகத்தின் பிறவிப் பிசகும் சேர்ந்தால் சில மாதங்களில் ஒன்றிரண்டு நிமிடம் தப்பிவிடும்.

பேட்டரியைக் கழற்றி மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால், கடிகாரத்தை ஓட்டும் உள் மின்சேமிப்பும் தீர்ந்துபோகும். மறுபடி போடும்போது கேமரா தேதி கேட்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போனால், பல மாடல்கள் ஏதோ ஒரு ஜனவரி 1-லிருந்து தொடங்கிவிடும். ஆவணிக் கல்யாணம் ஆங்கிலப் புத்தாண்டில் நடந்ததாகப் பதிவாவது இப்படித்தான்.

படத்தோடு நேரத்தை எழுதிவைக்கும் எக்ஸிஃப் முறை 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. அது எந்த நாட்டு நேரம் என்று குறிக்க அதில் இடம் வந்ததோ 2016-இல்தான். எனவே சிங்கப்பூர் சித்தப்பாவின் பழைய கேமரா நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியே காட்டும். ஏன் என்று சொல்லாது.

சரி, நாம் வைக்கும் நேரம் மட்டும் நம்மூர் நேரமா? 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய மதராஸ் நேரத்தில். புளியங்குடி இருப்பது ஏறத்தாழ 77.4 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கேமராவில் சராசரியாக 12.20 ஆகியிருக்கும்.

கேமராக்காரர்களுக்கு ஒரு யோசனை. மண்டபத்தில் வேலை தொடங்கும் முன், நொடி காட்டும் ஒரே செல்போன் கடிகாரத்தை எல்லாக் கேமராவிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எது எவ்வளவு தப்பு என்று அந்தப் படமே காட்டிவிடும். மீதிப் படங்களின் நேரத்தைக் கம்ப்யூட்டரில் மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம்.