டெஸ்ஸும் ரூத்தும் சுமந்த பழி

தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலில் ஒரு ராத்திரி. கல்யாணமாகாமல் பெற்ற கைக்குழந்தை சாகக் கிடக்கிறது. இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பாதிரியாரை அழைக்க வேண்டும் என்கிறாள் டெஸ். குடும்ப மானம் போய்விடும் என்று அப்பா கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். தூங்கிக்கொண்டிருந்த தம்பி தங்கைகளை எழுப்பி மண்டியிடச் செய்து, முகம் கழுவும் தண்ணீரையே எடுத்து, 'சாரோ' என்று தானே பெயரிடுகிறாள். துயரம் என்று பொருள். விடியும் வேளையில் குழந்தை போய்விடுகிறது. முறைப்படி அடக்கம் செய்யப் பாதிரியார் ஒப்பவில்லை. குடிகாரர்களையும் தற்கொலை செய்துகொண்டவர்களையும் புதைக்கும், காஞ்சொறி மண்டிய மூலைதான் கிடைக்கிறது. இரண்டு மரச்சட்டங்களைச் சேர்த்துக் கட்டி ஒரு சிலுவை நட்டு, மார்மலேட் ஜாடியில் பூ வைத்துவிட்டு வருகிறாள் டெஸ்.

1891இல் 'கிராஃபிக்' வார இதழில் நாவல் தொடராக வந்தபோது இந்தக் காட்சி அதில் இல்லை. குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது என்பதால் ஹார்டி அதை எடுத்துவிட்டு, வேறோர் இதழில் தனியாக வெளியிட்டார். கல்யாணமாகாத தாயைக் கதையில்கூட மறைத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. புத்தகமாக வந்தபோது அந்தக் காட்சியைச் சேர்த்ததோடு, டெஸ் தூய பெண் என்று தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்தார். எனக்கு ஹார்டியை மிகவும் பிடித்துப்போனது அந்தத் துணிச்சலால்தான்.

அவருக்கு முன்பே 1853இல் 'ரூத்' எழுதியவர் எலிசபெத் கேஸ்கல், மான்செஸ்டரில் ஒரு பாதிரியாரின் மனைவி. பணக்கார இளைஞன் கைவிட்ட தையல்காரப் பெண் ரூத்துக்கு அடைக்கலம் தரும் குடும்பம், ஊருக்குப் பயந்து அவளை விதவை என்று சொல்கிறது. வேடம் பொருந்துவதற்காக வேலைக்காரி சாலி அவள் கூந்தலை வெட்டுகிறாள். உண்மை தெரிந்ததும் ஊர்ப் பெரிய மனிதர் வேலையிலிருந்து துரத்துகிறார். இதை எழுதியதற்காகக் கேஸ்கலின் சபையைச் சேர்ந்தவர்களே புத்தகத்தைக் கொளுத்தினார்கள். கைவிட்டவனுக்கே பணிவிடை செய்து ரூத் காய்ச்சலில் சாவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவள் ஏன் சாக வேண்டும் என்று சார்லட் பிராண்டியும் கேஸ்கலிடம் கேட்டார்.

இந்த அவமானத்துக்குச் சட்டமே துணை நின்றது. 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், இத்தகைய குழந்தையை வளர்க்கும் பொறுப்பைத் தாயின் தலையில் கட்டித் தகப்பனைப் பெரும்பாலும் தப்பவிட்டது. ஜீவனாம்சம் கேட்டுத் தாயே வழக்குப் போட 1844இல்தான் வழி பிறந்தது.

இன்று? 2021இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த குழந்தைகளில் 51.3 சதவீதம் மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவை. 1845இல் பதிவு தொடங்கிய பிறகு பாதியைத் தாண்டியது அதுவே முதல்முறை. குழந்தையின் உரிமைகளில் இருந்த பாகுபாட்டை 1987ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் நீக்கியிருந்தது.

ஆனால் டெஸ்ஸின் காலம் விக்டோரியா ராணியோடு முடிந்துவிடவில்லை. 1949 முதல் 1976 வரை அங்கே சுமார் 1,85,000 குழந்தைகள் மணமாகாத தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தத்துக் கொடுக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். ஊருக்குத் தெரியாமல் விடுதிகளில் பெற்று, சில வாரங்கள் பால் கொடுத்து, நிர்ப்பந்தத்தால் கையெழுத்துப் போட்ட பெண்கள் எத்தனையோ பேர். ஸ்காட்லாந்து அரசு 2023 மார்ச்சில் இத்தகைய தாய்மாரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அவர்களில் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். நம் கல்லூரிகளில் 'டெஸ்' பாடம் நடத்துபவர்கள் அதைப் பழங்கதை என்று சொல்லி முடித்துவிடாமல், இவர்களைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.