வில்வண்டியும் டயர் வண்டியும்

கொங்கு நாட்டில் நம் முந்தைய தலைமுறையினர் வண்டிகளை அவற்றின் பெயராலேயே தரம் பிரித்தனர். பருத்திப் பொதியும் தானிய மூட்டையும் ஏற்றிச் செல்வது பாரவண்டி. வீட்டுப் பெண்டிரும் முதியோரும் அமர்ந்து ஊர்ப்பயணம் போவது வில்வண்டி. இரண்டையும் இழுத்தது மாடுதான். இரண்டும் சென்றது ஒரே மண்பாதைதான். அச்சுக்கும் மேற்கூட்டுக்கும் இடையே இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருந்தால் அது வில்வண்டி; இல்லையேல் பாரவண்டி. பின்னாளில் மாட்டுவண்டிக்கு ரப்பர் சக்கரம் வந்து சேர்ந்தபோது ‘டயர் வண்டி’ என்னும் மற்றொரு பெயர் பிறந்தது.

பயணசுகத்தின் இலக்கணம் முழுவதும் இவ்விரு பெயர்களில் அடங்கிவிட்டது எனலாம். வில்வண்டி குலுக்கலை அச்சுக்கு மேலே தடுத்தது. டயர் வண்டி அதைச் சக்கரம் மண்ணைத் தொடும் இடத்திலேயே தடுத்தது. மோட்டார் கார் இவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற வண்டி. ஆதலின் ஒன்றை மாற்றினால் மற்றதன் சுமையும் மாறுகிறது. காருக்கு அழகு சேர்க்க எண்ணி டயரை மாற்றுவோரும், உயரம் கூட்ட எண்ணி ஸ்பிரிங்கில் கைவைப்போரும் மறந்துவிடுவது இதைத்தான்.

தமிழ் கற்பிப்பவனுக்கு டயரில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். உமணர் தம் உப்புவண்டியின் அடியில் கட்டிவைத்த சேம அச்சை, அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார் ஔவையார். புறநானூற்றில் ‘ஸ்டெப்னி’க்கு இடமுண்டெனில், துறை மலரில் டயருக்கும் சிறிது இடம் தரலாம்.

இப்பொருளை ஆராய மதுக்கரையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. மலைத்தொடர் விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இவ்வூர் அமைந்துள்ளது. கோவையிலிருந்து வாளையாறு வழியே கேரளம் செல்லும், முன்பு 47 என்றும் இன்று 544 என்றும் எண் பெற்ற தேசிய நெடுஞ்சாலை இவ்வழியே செல்கிறது. நீலாம்பூரில் பிரியும் புறவழிச்சாலை இங்கு வந்துதான் கூடுகிறது. 1930களில் தொடங்கப்பட்ட சிமெண்ட் ஆலையால் பாரம் ஏற்றிய லாரிகளுக்கு இவ்வூர்ச் சாலைகள் புதியவை அல்ல. ஓர் அச்சின் மீதுள்ள பாரம் இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியாளர் கணக்கு. லாரி அழுத்திய தடத்திலும் அது பெயர்த்த குழியிலும்தான் நம் கார் போகவேண்டியுள்ளது. நெடுஞ்சாலையின் வழவழப்பும், உட்சாலையின் குழியும், தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே கொண்டுவரும் மழையும் அரைமணி நேரப் பயணத்திலேயே எதிர்ப்படும் இடம் இது.

வில் வேறு, தணிப்பான் வேறு

“ஷாக் அப்சர்பர் போய்விட்டது, அதனால் வண்டி குலுங்குகிறது” என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். சக்கரம் மேட்டில் ஏறும்போது அது அமுங்கி, அந்த ஆற்றலைத் தன்னுள் சேர்த்துவைக்கிறது. சேர்த்ததை உடனே திருப்பித் தந்துவிடுவது அதன் இயல்பு. தடுப்பார் இல்லையெனில் மேடு கடந்த பின்னும் கார் ஊஞ்சல்போல் எழுந்து தாழ்ந்துகொண்டே இருக்கும். ஷாக் அப்சர்பருக்குள் உள்ள எண்ணெய், சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்லும்போது அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்கிறது. ஆதலின் அதனை ‘அதிர்வு தணிப்பான்’ என்பதே பொருந்தும். பாரத்தைத் தாங்குவது வில். வில்லின் துள்ளலை அடக்குவது தணிப்பான்.

நல்ல காரின் உடல், மேடு கடந்ததும் வினாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை அசையுமாறு வில்லை அமைப்பர். இது மனிதன் நடக்கும்போது உடல் எழுந்து தாழும் வேகத்தை ஒட்டியது. எனவே நமக்கு உறுத்துவதில்லை. இதைவிட மிகவும் மெதுவானால் கப்பலில் போவது போல் தலைசுற்றும். ஒட்டகத்தைப் பாலைவனக் கப்பல் என்றவர் அதன் ஆட்டத்தையும் எண்ணியிருக்கக்கூடும். மாறாக வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வுகளையே மனித உடல் மிகுதியாக உணர்கிறது. முதுகுவலியுள்ள பெரியவர் ஒருவர் பாலக்காடு சென்று திரும்பியபின் இரண்டு நாள் படுத்துவிடுகிறார் என்றால், தொலைவை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஸ்பிரிங்கின் விறைப்பையும் டயரின் காற்றையும் பார்ப்பது நலம்.

1950களில் வந்து 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரைப் பெரியோர் இன்றும் புகழ்வர். அதன் பின்புறம் இருந்தது நம் வில்வண்டியின் பட்டை வில்லேயாகும். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருந்தமையால் இடச்சக்கரம் மேடேறினால் வலச்சக்கரமும் அசைந்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் சிறு மேடுகளுக்கு அவ்வில் எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. ஆயினும் அக்கார் சொகுசாகத் தோன்றியதற்கு அதன் எடையும் தடித்த டயரும் மெத்தென்ற இருக்கையும் பெருங்காரணங்கள். சிறிய காரான மாருதி 800-க்கு இருந்தவை 12 அங்குல வளையத்தில் அமைந்த சிறு சக்கரங்கள்; பெரிய சக்கரம் மேலோடு கடந்துவிடும் குழியில் சிறு சக்கரம் இறங்கி ஏறவேண்டும்.

இக்காலத்தில் இரண்டு பழக்கங்கள் பரவியுள்ளன. வேகத்தடையில் அடிப்பகுதி தட்டுகிறதென்று சுருள்வில்லின் இடையே ரப்பர் துண்டுகளைச் செருகுவது ஒன்று. கார் தாழ்ந்து தோன்றினால் எடுப்பாக இருக்குமென்று சுருளில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது மற்றொன்று. முன்னதில் கார் உயர்கிறது, பின்னதில் தாழ்கிறது. இரண்டிலும் வளையக்கூடிய சுற்றுகள் குறைவதால் வில் விறைக்கிறது. வெட்டுவது ஆபத்தானதும்கூட. சிலநேரம் தேவைப்படுவது எண்ணெய் கசிந்து ஓய்ந்த தணிப்பானையோ தளர்ந்த வில்லையோ மாற்றுவது மட்டுமே.

டயரின் விலாவில் எழுதியிருப்பது

காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-இலேயே காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அது வழக்கிழந்தபின், 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட அதை மீண்டும் கண்டார். டயரில் காற்று புகுந்தது வேகத்திற்காக அன்று. ஒரு சிறுவனின் சுகத்திற்காக என்பது ஈண்டு நோக்கத்தக்கது. காரைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம்; பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளிருக்கும் காற்றே. ஒரு சக்கரத்தின் மீது 300 கிலோ பாரமும், உள்ளே 30 பவுண்டு காற்றும் இருக்குமானால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்ந்த நம் கைத்தலம் அளவு. திரும்புவதும் நிற்பதும் அக்கைத்தலங்கள் நான்கின் பிடிப்பால்தான்.

பழைய டயர்களில் நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடின. விலா வளைந்தால் தரையைத் தொடும் முகமும் கோணும், சூடேறும், விரைந்து தேயும். 1946-இல் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்ல, முகத்தின் கீழ் எஃகுப் பட்டை சுற்றப்பட்டது. விலா தாராளமாக வளைய, முகம் தட்டையாகத் தரையில் படிந்தது. ஆயுள் பெருகியது. மெதுவாகச் செல்லும்போது சிறு கற்களை இது சற்றுக் கடுமையாக உணர்த்தும் என்பதும் உண்மை.

இனி அதன் விலாவில் உள்ள எழுத்தைப் படிப்போம். 165/80 ஆர் 14 என்றிருந்தால் அகலம் 165 மில்லிமீட்டர். விலாவின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 132 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது ரேடியல். வளையத்தின் விட்டம் 14 அங்குலம். மொத்தச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். இந்தக் காரில் ஓர் இளைஞர் 16 அங்குல அலாய் வளையமும் 195/55 டயரும் பொருத்துகிறார் எனக் கொள்வோம். அதன் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர். சக்கரம் பெரிதாயிற்று என்று அவர் மகிழ்கிறார். உண்மையில் பெரிதானது உலோக வளையம் மட்டுமே. விலாவின் உயரமோ 107 மில்லிமீட்டராகி, குழிக்கும் உலோகத்துக்கும் நடுவே இருந்த மெத்தையில் ஓர் அங்குலம் போய்விட்டது.

அந்த ஓர் அங்குலத்தின் வேலையை இனி யார் செய்வது? ஸ்பிரிங், தணிப்பான், புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவை செய்யவேண்டும். வளையமும் டயரும் முன்னினும் கனத்திருந்தால் தொல்லை இரட்டிப்பாகும். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை கூடக்கூடச் சக்கரம் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து செல்லத் திணறும். குழியின் விளிம்பில் மோதி, விலாவின் உள்ளிழை அறுந்து, டயரில் முட்டைபோல் புடைப்பு எழுந்தால் அந்த டயர் முடிந்தது. அதற்கு ஒட்டுப் போடுவதற்கில்லை.

தாழ்ந்த விலாவுக்கும் இடமுண்டு. மதுக்கரைக்குக் கிழக்கே செட்டிபாளையத்தில், 1995-இல் விமான விபத்தில் மறைந்த கோவைப் பந்தய வீரர் எஸ்.கரிவரதன் பெயரால் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. அங்கு ஓடும் பந்தயக் காருக்கு விறைத்த வில்லும் வளையாத விலாவும் வேண்டும். வளைவில் உடனே திரும்பவேண்டுமே! அதன் பாதை மெழுகியதுபோல் இருக்கும்; டயரின் ஆயுளைப் பற்றிக் கவலையில்லை; பின்னிருக்கையில் பாட்டி இல்லை. சில கல் தொலைவிலுள்ள லாரிச் சாலைக்கு அந்தத் தேர்வு பொருந்தாது.

தேய்மானம் என்னும் கல்வெட்டு

கல்வெட்டைப் படிப்பவர் எழுத்தின் சிதைவிலிருந்து காலத்தை உணர்வதுபோல, தேய்ந்த டயரைப் படித்துக் காரின் நோயை உணரலாம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மிஞ்சினால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறோம். நடு மட்டும் வழித்திருந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் கோணம் பிசகியுள்ளது. வீல் அலைன்மெண்ட் பார்க்கவேண்டும். தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் கீறினால் அதுவும் அலைன்மெண்ட் பிழையே. இடையிடையே கிண்ணம்போல் பள்ளம் விழுந்திருந்தால் தணிப்பான் ஓய்ந்து, சக்கரம் சாலையில் துள்ளித்துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள். இவ்விடத்தில் புது டயர் மட்டும் வாங்குவது காசைக் கரைப்பதாகும். சில மாதங்களில் அதே பள்ளம் அதிலும் விழும்.

காற்றின் அளவை டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரத்தில் தயாரிப்பாளர் ஒட்டியுள்ள எண்ணைக்கொண்டு பார்க்கவேண்டும். நெடுந்தொலைவு ஓடியபின் அழுத்தம் கூடிக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக்கூடாது. திருமணத்திற்கென்று குடும்பமே ஏறி, பெட்டிகளும் ஏற்றினால், முழுப் பாரத்துக்கென அதே ஒட்டுத்தாளில் தனி அளவு தரப்பட்டிருக்கும். நைட்ரஜன் நிரப்பினால் சுகம் பெருகும் என்று விற்கிறார்கள். நாம் இலவசமாகப் பெறும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

டயரின் பள்ளக்கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் போகக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அந்த அளவைக் காட்டவே கோடுகளின் நடுவே சிறு ரப்பர்த் திட்டுகள் வைத்திருப்பர். முகம் அவற்றோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றவேண்டும். அக்கோடுகளின் வேலை நீரை வெளியேற்றுவது. ஆனி ஆடி மாதங்களில் வாளையாற்றுச் சாலையில் மழை கொட்டும்போது, வழித்துப்போன டயர் நீரைத் தள்ளமாட்டாமல் அதன்மேல் மிதந்துவிடும். பிரேக்கும் திருப்பமும் அக்கணத்தில் பயன்படா. அகலமான டயர் உலர்ந்த சாலையில் பிடிப்புத் தந்தாலும், தேய்ந்த நிலையில் குறுகிய டயரைவிட விரைவில் மிதக்கும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாமல் காப்பது போன்றதே இது; மணலில் அது நன்மை, நீரில் தீமை.

குறைவாக ஓடும் காரிலும் ரப்பர் முதுமையடையும். விலாவில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்தநாள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பழைய கார் வாங்குவோர் பளபளப்பைப் பாராமல் குனிந்து இவ்வெண்ணை நான்கு சக்கரங்களிலும் பார்க்கவேண்டும்; டிக்கியில் உள்ள ஐந்தாவதிலும்.