குளிர்ப் பிரதேசங்களில் சீமையத்தி

அத்தி பூத்ததைக் கண்டவர் இல்லை என்பது நம்மவர் வழக்கு. பூக்கள் யாவும் காயின் உள்ளேயே அடங்கியிருப்பதே அதன் காரணம். நம் ஆற்றோரங்களில் வளரும் அத்தியின் இனத்தைச் சேர்ந்ததாகிய சீமையத்தி, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வெப்பப் பிரதேசங்களில் தாராளமாய்க் காய்ப்பது. ஆயினும், பாரிஸ் நகருக்கு அருகில் ஸீன் நதிக்கரையிலுள்ள அர்ஜான்தேய் என்னும் ஊரின் குடியானவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில், நீர் உறையும் குளிரிலும் இம்மரத்தை வளர்த்துத் தலைநகரின் சந்தைக்குப் பழம் அனுப்பி வந்தனர்.

சீமையத்தி வருஷத்தில் இரு போகம் காய்க்கக்கூடியது. முதற்போகம் சென்ற வருஷத்துக் கிளைகளின் நுனியை ஒட்டி வருவது. இரண்டாவது, அவ்வருஷத்துப் புதுத் தளிர்களில் வருவது. குளிர்ப் பிரதேசங்களில் கோடை குறுகியதாதலால் இரண்டாம் போகம் பழுப்பது அரிது. அதை நம்புதல் வீண். ஆகவே, இலையுதிர்ந்த பின் கிளை நுனிகளில் பட்டாணியளவாக நிற்கும் பிஞ்சுகளே குடியானவனின் முழு முதல். அவற்றைவிடப் பெரிய பச்சைக் காய்கள் குளிருக்குத் தாங்கா. அவற்றைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். கவாத்து செய்கையில் நுனிகளையெல்லாம் கழிப்பவனோ, அடுத்த மகசூலையே கழித்துவிடுகின்றான்.

இப்பிஞ்சுகளைக் காக்கும் பொருட்டு, அர்ஜான்தேயில் ஒற்றை அடிமரம் விடாமல் தரையிலிருந்தே பல கிளைகளை வளர்த்து, குளிர்காலத் தொடக்கத்தில் அவற்றைக் கட்டுகளாகக் கட்டி, வளைத்துக் குழியில் கிடத்தி மண்ணால் மூடினர். குளிர் தணிந்ததும் தோண்டி எடுத்தனர். இங்கிலாந்தில் வேறு வழி. வெயில் விழும் தென்முகச் சுவரை ஒட்டி நட்டு, கிளைகளைச் சுவரில் விசிறி போல் படரவிட்டு, குளிரில் வைக்கோலால் போர்த்துவர். வேர் ஓடவிட்டால் மரம் தழைத்துக் காய்ப்புக் குன்றுமாதலால், இரண்டடிச் சதுரமும் ஆழமுமுள்ள குழியின் பக்கங்களில் கற்பலகை நிறுத்தி, அடியில் செங்கல் உடைசலை இறுக்கி, அதனுள் நடுவதுண்டு.

இத்தனைக்குப் பின்னும் காய் பழுக்கத் தாமதித்தால், அர்ஜான்தேயார் ஓர் உபாயம் கையாண்டனர். காம்புக்கு எதிர்ப்புறத்திலுள்ள கண் சிவக்கத் தொடங்கிய காய்களை மட்டும் தேர்ந்து, மாலையில், அக்கண்ணில் ஒரு துளி ஒலிவ எண்ணெயைத் துரும்பால் தடவினர். காய் சில நாட்களிலேயே பருத்துப் பழுத்துவிடும். வெறும் குருட்டுப் பழக்கம் என்று இதைத் தள்ளுவதற்கில்லை. எண்ணெயினால் காயில் எத்திலீன் என்னும் வாயு உண்டாகிப் பழுத்தலைத் துரிதப்படுத்துகின்றது என்பது 1960-களில் கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் ஆராயப்பட்டது. ஆனால் பருவம் தவறலாகாது. சீமையத்திக் காய் முதலில் விரைந்து வளர்ந்து, பின் சில வாரம் அளவில் மாறாது நின்று, மீண்டும் பருத்துப் பழுப்பது. அவ்வாறு நிற்கும் காலத்தின் இறுதியிலேயே எண்ணெய் இட வேண்டும். அதற்கு முந்தி இட்டால் காய் பழுக்காமல் கெடும். சந்தேகமானால் முதலில் நாலைந்து காய்களில் மட்டும் இட்டுப் பார்த்தல் நலம்.

கழுத்துத் தளர்ந்து காய் தலைகவிழ்ந்து தொங்குவதும், தோலில் மெல்லிய வெடிப்புகள் காண்பதும் பறிக்கும் அடையாளங்கள். பறித்த காம்பில் பால் மிகுதியாய் வடிந்தால் காய் முதிரவில்லை; அப்பால் தோலில் பட்டால் புண்ணாக்குவதுமுண்டு. மாங்காயைப் போல் பறித்து வைத்துப் பழுக்க வைக்க இது இடங்கொடாது.