குளிசையும் ஒரு குவளை தண்ணீரும்

படுக்கப் போகும் நேரத்தில் ஒரு மிடறு தண்ணீருடன் குளிசையை விழுங்கிவிட்டு அப்படியே சரிந்துகொள்வது எமது வீடுகளில், குறிப்பாக முதியோரிடம், காணப்படும் பழக்கம். இது உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமானது. நெஞ்சின் நடுவே பெருநாடி அதனை அழுத்துவதால் அவ்விடம் சற்று ஒடுங்கியிருக்கும். தண்ணீர் போதாவிட்டால் குளிசை அங்கே ஒட்டிக்கொண்டு கரையத் தொடங்கி, மென்மையான உட்சுவரை அரித்துவிடும். நித்திரையில் உமிழ்நீரும் விழுங்குதலும் குறைவதால் பாதிப்பு மேலும் கூடும்.

எல்லா மருந்துகளும் இப்படிச் செய்வதில்லை. டொக்சிசைக்கிளின், அஸ்பிரின், இபுபுறோபென், இரும்புச்சத்து, பொற்றாசியம் குளோரைட் ஆகியவற்றில் கவனம் தேவை. இந்தியாவின் சில பகுதிகளுக்குப் பயணம் செய்வோருக்கு மலேரியாத் தடுப்பு மருந்தாகவும் டொக்சிசைக்கிளின் கொடுக்கப்படுவதுண்டு.

எலும்புத் தேய்வுக்காக எமது அம்மாமார் பலர் எடுக்கும் அலெண்ட்ரோனேற் குளிசையும் இவ்வகையானதே. அதனால் உணவுக்குழாய் புண்ணானவர்களில் பலர் போதிய தண்ணீர் குடிக்காமலோ, நிமிர்ந்திராமலோ அதனை எடுத்திருந்தனர் என 1996இல் வைத்தியர்கள் அறிவித்தனர். காலையில் வெறும் வயிற்றில், தேநீருடன் அல்லாமல் ஒரு குவளை வெறும் தண்ணீருடன் அதனை விழுங்கி, குறைந்தது 30 நிமிடம் படுக்காமலும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும்.

ஏனைய குளிசைகளையும் நிமிர்ந்திருந்து, போதிய தண்ணீருடன் விழுங்குவதே நல்லது. தண்ணீர் அளவைக் குறைக்கும்படி சொல்லப்பட்ட இருதய, சிறுநீரக நோயாளர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கவும். விழுங்கச் சிரமப்படுவோருக்குத் திரவ மருந்து உண்டா என மருந்தாளரிடம் விசாரிக்கலாம். எதையும் உடைக்கவோ பொடியாக்கவோ முன்னரும் அவரிடம் கேட்பது அவசியம்.

விழுங்கும்போது நோவு, நெஞ்சு எரிவு, ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே வைத்தியருடன் பேசுங்கள். 811ஐ அழைத்துத் தாதியிடமும் ஆலோசனை பெறலாம். உரிய நேரத்தில் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் புண் ஆறிவிடும். ஆனால் திடீர் நெஞ்சு நோவு வந்தால் "குளிசைதான்" என்று நாமே முடிவு கட்டக்கூடாது. அது மாரடைப்பாகவும் இருக்கலாம். அப்போதும், இரத்த வாந்தி எடுத்தாலும், தண்ணீர்கூட இறங்காவிட்டாலும் 911ஐ அழையுங்கள்.

இன்றிரவு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ குளிசை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு குவளை தண்ணீரும் கொடுத்து, சற்று நேரம் அருகிலிருந்து கதைப்போம்.