பாதி மறந்த பேய்க் கதை

பாதி மறந்த கதை மனிதனைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. அது பேய்க் கதையாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. சேவூரில் முதியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரே, வாசலுக்கு வந்த பிச்சைக்காரியை வீட்டுக்காரி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். ராத்திரியில் ஏதோ வாசனை வருகிறது. புருஷனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. அது யார் எழுதின கதைங்க?"

தலைப்பும் ஆசிரியர் பெயரும் மறந்துவிட்டன; வாசனை மறக்கவில்லை!

அது புதுமைப்பித்தன் எழுதிய 'காஞ்சனை'. 1943-ஆம் ஆண்டு 'கலைமகள்' பத்திரிகையில் வெளிவந்தது. வந்தவள் பேயா, பெண்ணா என்பதை ஆசிரியர் தீர்த்துச் சொல்லவில்லை. முடிவு சொல்லாத கதை மனத்திலும் முடிவதில்லை போலும்.

புஸ்தகமாக வந்தபடியால் இது அகப்பட்டது. பத்திரிகையோடு நின்றுபோன கதைகளோ பழங்காகிதக் கடையில் பொட்டலமாகிப் போயின. புதுமைப்பித்தன் 1948-இல் காலமானார். நூலாகாதிருந்த அவருடைய எழுத்துக்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் திரட்டி, 'அன்னை இட்ட தீ' என்று வெளியிட்டது 1998-இல்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களுமே இன்று சென்னையில் அவர் பெயரால் நூலகமாக விளங்குகின்றன.

ஆகையால், கதை தேடும் அன்பர்கள் தலைப்பை நினைத்து மயங்க வேண்டாம். நினைவிலுள்ள சம்பவம், படித்த ஆண்டு, பத்திரிகை இவற்றைக் குறித்துக்கொண்டு விசாரியுங்கள். பரணில் பழைய இதழ்க் கட்டு இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எவரோ தேடும் கதை அதில் இருக்கக்கூடும்.